கார்பன் கணக்கு: டூரிங் டாக்கீஸ் விளக்கின் கதை

தேனின்னு சொன்னா சினிமா தெரிஞ்சவங்களுக்கு உடனே சில பேர் ஞாபகம் வரும். அல்லிநகரத்து பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து. அவங்களைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. இன்னிக்கு எபிசோடு அவங்களைப் பத்தி இல்லை. அவங்க தலைமுறை மணல்ல உட்கார்ந்து படம் பார்த்த காலத்துல, கூட்டத்துக்கு முதுகுப் பக்கம் ஒரு தகர அறைக்குள்ள வேர்த்துக்கிட்டு நின்ன ஆளைப் பத்தி. அந்த ஆள் ராத்திரி முழுக்கக் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டு இருந்த ஒரு விளக்கைப் பத்தி.

ஒரு விளக்குக்கு முழு எபிசோடான்னு கேட்பீங்க. தமிழ் சினிமா வரலாறு எழுதினவங்க படங்களை எழுதினாங்க, நடிகர்களை எழுதினாங்க, முதலாளிகளைக்கூட எழுதினாங்க. வெளிச்சம் எங்க இருந்து வந்துச்சு, அது திரையில ஒழுங்கா விழறதுக்கு யார் பொறுப்பு, விழலைன்னா யார் திட்டு வாங்கினாங்க, இதெல்லாம் அதிகம் பதிவாகலை. எனக்கு அந்தப் பக்கம்தான் சுவாரசியமா இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1905. திருச்சியில் ரயில்வே ஊழியரா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுட்டு ஊர் ஊரா கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பிட்டார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினவரும் இவர்தான். தென்னிந்தியாவுல கூடார சினிமான்னு பேச்செடுத்தா கதை இவர்கிட்ட இருந்துதான் தொடங்கும்.

அந்தக் காலத்துல ஊர் ஊரா போய்ப் படம் காட்டினவங்க எல்லாருக்கும், உலகத்துல எங்க இருந்தாலும், ஒரே தலைவலி: வெளிச்சம். படம் பெட்டியில வந்துடும், கூடாரம் வண்டியில வந்துடும், ஊர்ல கரண்ட் கிடையாது. ஒரு வழி, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுடரைச் சுண்ணாம்புக் கட்டி மேல பாய்ச்சி, அந்தக் கட்டி பழுத்து வெள்ளையா ஒளிர்றதை வச்சுப் படம் காட்டறது. ஒருத்தர் பிரபலமானா 'லைம்லைட்டுக்கு வந்துட்டார்'னு சொல்றோமே, அந்த லைம் இந்தச் சுண்ணாம்புதான். இன்னொரு வழி, என்ஜினையும் டைனமோவையும் கூடவே தூக்கிட்டுப் போய், கார்பன் விளக்கு எரிக்கிறது. ஜெயிச்சது ரெண்டாவது. 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பிச்சதும் கூடாரத்துக்கு டூரிங் டாக்கீஸ்னு பேர் ஆச்சு. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் படம் பார்த்தது கார்பன் எரிஞ்ச வெளிச்சத்துலதான்.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடின்னு வரிசையா ஊர்கள், நடுவுல வயல், ரெண்டு பக்கமும் மலை. தேனி தனி மாவட்டம் ஆனது 1996-ல். அதுவரைக்கும் இதெல்லாம் மதுரை மாவட்டம். சினிமா வியாபாரத்துல மட்டும் இப்பவும் மதுரை-ராமநாதபுரம் ஏரியாதான், 'எம்.ஆர்.'னு சொல்லுவாங்க. படம் முதல்ல மதுரையில ஓடும், அப்புறம் சின்ன டவுன், கடைசியாக் கிராமத்துக் கூடாரம். அதனால கூடாரத்துக்கு வந்து சேர்ற பிரிண்ட் ஏற்கனவே கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு, களைச்சுப் போய்த்தான் வரும். அந்தக் களைச்ச பிரிண்ட்டைப் பார்க்கிற மாதிரிக் காட்டறதுக்கு வெளிச்சம் ஒண்ணுதான் மிச்சம் இருந்த ஆயுதம்.

சரி, அந்த விளக்கைத் திறந்து பார்ப்போம்.

லாம்ப் ஹவுஸ்னு ஒரு இரும்புப் பெட்டி, மேல புகைபோக்கி. உள்ள ரெண்டு கார்பன் குச்சி, ஒண்ணுக்கொண்ணு முனையைக் காட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு பாசிட்டிவ், இன்னொண்ணு நெகட்டிவ். ரெண்டையும் ஒரு தடவை தொட வச்சு உடனே பிரிச்சா, நடுவுல இருக்கிற இடைவெளியில மின்சாரம் தாவி எரிய ஆரம்பிக்கும். சூட்டுக்கு அந்தச் சுடர் மேல்நோக்கி வில் மாதிரி வளையும். மின்வில்ங்கிற பேர் அதனாலதான். லண்டன்ல ஹம்ப்ரி டேவி 19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துலேயே இதைச் செஞ்சு காட்டிட்டார். பல்பு எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

ஆனா படம் காட்டறதுக்கு அந்தச் சுடரைவிட முக்கியமானது பாசிட்டிவ் குச்சியோட முனை. எரிய எரிய அந்த முனையில ஒரு சின்னக் குழி விழும். அதோட சூடு 3,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூரியனோட மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான், ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க. உங்க வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுக்காது. இந்த விளக்கு சாதாரணமா 30, 40, 50 ஆம்பியர் குடிக்கும். அவ்வளவும் போய் முடியறது கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு குழியில.

இந்தக் குழிக்கு எதிர்ல ஒரு வளைஞ்ச கண்ணாடி இருக்கும். முட்டை வடிவ வளைவு. அதுக்கு ரெண்டு குவியம்: ஒண்ணுல விளக்கை வச்சா வெளிச்சம் எல்லாம் இன்னொண்ணுல போய்க் கூடும். அந்த ரெண்டாவது இடத்துலதான் ஃபிலிம் ஓடுற ஜன்னல். அதோட அளவு சுமார் 21 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர், ஒரு தபால்தலை மாதிரி. திரை 20 அடி அகலம்னா, அந்தத் தபால்தலை ஏறக்குறைய 300 மடங்கு அகலமாகுது.

இங்கதான் கதையோட முடிச்சு. அந்தக் கண்ணாடி குழியோட பிம்பத்தை ஜன்னல் மேல போடும்போது அஞ்சாறு மடங்கு பெரிசாக்கிடும். அப்படின்னா குழி ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டுல நகர்ந்தா, ஜன்னல்ல வெளிச்சம் 5, 6 மில்லிமீட்டர் நகரும். ஜன்னலே 21 மில்லிமீட்டர்தான். கால்வாசி இடம் தள்ளிப் போச்சு! திரையில ஒரு பக்கம் எம்.ஜி.ஆர். பளிச்சுன்னு நிப்பார், மறுபக்கம் நம்பியார் இருட்டுல நிப்பார்.

பல்பா இருந்தா ஒரு தடவை சரி பண்ணி ஸ்க்ரூவை முறுக்கிட்டு டீ குடிக்கப் போயிடலாம். கார்பன்ல அது நடக்காது. அது தன்னையே தின்னுக்கிட்டு எரியுற விளக்கு. ஒரு பெரிய ரீல், 2,000 அடி, சுமார் 22 நிமிஷம் ஓடும். அதுக்குள்ள குச்சி சில அங்குலம் கரைஞ்சிடும். பாசிட்டிவ் ஒரு வேகத்துல கரையும், நெகட்டிவ் இன்னொரு வேகத்துல. குழி இருக்கவேண்டிய இடத்துல இருந்து நொடிக்கு நொடி விலகிக்கிட்டே இருக்கும். குச்சியை மோட்டார் தள்ளிவிடுற லாம்ப் ஹவுஸும் உண்டு, கையால திருகித் திருகித் தள்ளுறதும் உண்டு. மோட்டார் இருந்தாலும் அதை அப்படியே நம்பிட முடியாது. ஒரு குச்சி மாதிரி இன்னொரு குச்சி எரியாது.

ஆபரேட்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நேராப் பார்க்க முடியாது, கண்ணு போயிடும். லாம்ப் ஹவுஸ் பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதைவிட அழகான ஏற்பாடு ஒண்ணு உண்டு. ஒரு பொடி ஓட்டை அல்லது சின்ன லென்ஸ் வழியா, எரியுற ரெண்டு முனையோட பிம்பம் வெளிய ஒரு அட்டை மேல விழும். அட்டையில கோடு போட்டிருக்கும். பாசிட்டிவ் முனை இந்தக் கோட்டுல, நெகட்டிவ் முனை அந்தக் கோட்டுல. கோட்டை விட்டு விலகினா திருகு. அவ்வளவுதான். மூணு மணி நேரப் படம் அவருக்கு அந்த அட்டை மேலதான் ஓடுது.

கோடு தெரியாதவங்களுக்குத் திரையே சொல்லிடும். குழி கண்ணாடிக்குக் கிட்டயோ எட்டயோ போயிட்டா, திரையோட நடுவுல ஒரு நிறம், ஓரத்துல ஒரு நிறம். ஒரு பக்கம் நீலம் பாயும், இல்லைன்னா பழுப்பு அடிக்கும். இடைவெளி நீண்டு போனா வெளிச்சம் ஆடும், அப்புறம் பட்டுனு அணையும். ரொம்ப நெருங்கிட்டா 'ஸ்ஸ்'னு சீறும். ரெண்டு குச்சியும் ஒரே நேர்கோட்டுல இல்லைன்னா குழி சாய்வா எரியும், சாய்ஞ்ச குழி கண்ணாடியைப் பார்க்காம வேற எங்கயோ பார்க்கும். இது மோசமான கோளாறு. ஏன்னா நடுவுல திருகிச் சரி பண்ண முடியாது, முனை மறுபடி நேரா எரிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் கூட்டம் காத்திருக்காது.

நான் சின்னமனூர் பக்கம். எனக்கு நினைவு தெரிஞ்சப்போ டூரிங் டாக்கீஸ் கடைசி மூச்சுல இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது படங்கள் இல்லை, திரை பழுப்பாகும்போது எழுற விசில். முதல்ல ஒண்ணு, அப்புறம் பத்து. 'லைட்டு, லைட்டு'ன்னு கத்துவாங்க. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. திரையைப் பார்த்துக்கிட்டே ஆபரேட்டரைத் திட்டுவாங்க. ரெண்டு நொடியில வெளிச்சம் வெள்ளையாகும், விசில் நிக்கும். நல்லா ஓட்டினதுக்கு யாரும் விசில் அடிச்சதா எனக்கு ஞாபகம் இல்லை.

இதுல கம்பம் பள்ளத்தாக்குக்குன்னு சில தனிச் சிக்கல்கள் உண்டு. முதல்ல காத்து. தென்மேற்குப் பருவக்காத்து மலை இடுக்கு வழியா இறங்கி வீசற இடம் இது. ஆண்டிப்பட்டி பக்கம் காற்றாலை வரிசையா நிக்கிறது சும்மா இல்லை. ஆடி மாசம் கீத்துக் கொட்டகையும் படுதாவும் என்ன பாடு படும்னு யோசிச்சுக்கோங்க. திரை ஆடறதாவது கண்ணுக்குத் தெரியும். லாம்ப் ஹவுஸ் புகைபோக்கியில காத்து இழுத்தா உள்ள மின்வில்லும் ஆடும். மின்வில்லுங்கிறது சூடான வாயுதானே, இழுத்த பக்கம் சாயும். குழி சரியா இருக்கு, அட்டையில கோடு சரியா இருக்கு, வெளிச்சம் மட்டும் துடிக்கும். அது திருகுல தீராத கோளாறு, புகைபோக்கியைப் பார்க்கணும். எந்தக் கோளாறு எங்க இருந்து வருதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் இந்தத் தொழிலோட பாதி அறிவு.

ரெண்டாவது கரண்ட். இங்க ஒரு அழகான முரண் இருக்கு. பென்னிகுயிக் கட்டின பெரியாறு அணை முடிஞ்சது 1895-ல், பாசனத்துக்காக. மேற்கே போற தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினாங்க. அந்தத் தண்ணி மலையை விட்டு இறங்குற வேகத்துல கரண்ட் எடுக்கறதுக்கு இன்னும் 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1950-களோட கடைசியில, கூடலூருக்கு மேல லோயர் கேம்ப்ல பெரியாறு நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. பள்ளத்தாக்கோட தலைமாட்டுலேயே நாலு ஜெனரேட்டர். வயலுக்குப் பாயுற அதே தண்ணி வழியில விளக்கையும் எரிச்சுட்டுப் போகுது.

ஆனா கம்பியில வர்றது ஏசி கரண்ட். நான் இப்ப விவரிச்ச விளக்குக்கு டிசி வேணும். குழி ஒரே குச்சியில, ஒரே இடத்துல நிக்கணும்னா மின்சாரம் ஒரே திசையில ஓடணும். அதனால நடுவுல ரெக்டிஃபையர் வந்துச்சு. ராத்திரி பம்புசெட்டு எல்லாம் ஓடற நேரத்துல கிராமத்து லைன்ல வோல்ட்டேஜ் இறங்கும். வோல்ட்டேஜ் இறங்கினா மின்வில் சுருங்கும், திரை மங்கும். ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து இடைவெளியைக் குறைக்கணும். கரண்ட் போச்சுன்னா என்ஜின் இருக்கு, ஆனா என்ஜினுக்கு டீசல் போடணும், டீசலுக்குக் கணக்கு இருக்கு.

கணக்குன்னு வந்தாச்சு. இந்த எபிசோடுக்கு நான் வச்ச பேரே அதான்.

கார்பன் குச்சி எரிஞ்சா போச்சு. ஒவ்வொரு ஷோவுக்கும் அது ஒரு செலவு. டிக்கெட் விலையோ சில அணா, அப்புறம் சில பைசா, மிஞ்சிப் போனா ஒரு ரூபா. அதனால குறைஞ்ச ஆம்பியர்ல ஓட்டினா குச்சி மெதுவா எரியும், காசு மிச்சம், ஆனா திரை மங்கல். முழு ஆம்பியர்ல ஓட்டினா படம் ஜொலிக்கும், கார்பன் பறக்கும். முதலாளி ஒரு பக்கம் இழுக்க, தரை டிக்கெட் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவுல சம்பளத்துக்கு நிக்கிற ஒருத்தர் ஆம்மீட்டர் முள்ளை எங்க நிறுத்தறதுன்னு முடிவெடுக்கணும். மிஞ்சுற கட்டைக் குச்சிகளையும் தூக்கிப் போட மாட்டாங்க, அடுத்த சின்ன ரீலுக்கு மாட்டுவாங்க. கட்டைக் குச்சியை ஹோல்டர்ல பிடிக்கிறது கஷ்டம். கொஞ்சம் சாய்வா உட்கார்ந்தாலும் குழி சாய்வா எரியும், திரையில அரை இருட்டு. விசில் கேக்குறது யாருக்கு? கார்பன் வாங்கித் தராதவருக்கு இல்லை.

அந்த டிக்கெட் வாங்கினவங்க பக்கமும் நின்னு பார்க்கணும். ஏலத்தோட்டத்துலயும் நெல்லு வயல்லயும் நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தவங்க, கூலியில கொஞ்சம் எடுத்து வச்சுட்டு வர்றாங்க. அவங்களுக்கு முன்னாடி உட்கார்ந்தவன் தலை மறைக்கக் கூடாதுன்னு மணலைக் குவிச்சு மேல உட்காருவாங்க. அவ்வளவு பாடுபட்டுப் பார்க்கிற முகம் இருட்டா இருந்தா விசில் வராம என்ன பண்ணும்? நான் விசில் அடிச்சவங்களைக் குறை சொல்லல.

இன்னொரு விஷயம், எனக்கே ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது. டூரிங் டாக்கீஸ்ல நாலஞ்சு இடைவேளை விடுவாங்கன்னு பெரியவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். ரீல் முடிஞ்சா நிறுத்தி, அடுத்த ரீலை மாட்டணும். கூட்டத்துக்கு அது முறுக்கு, கடலை, சோடா நேரம். ஆபரேட்டருக்கு அது கார்பன் மாத்தி முனையைச் சரி பண்ற நேரம். கண்ணாடியில தெறிச்ச பொடியைத் துடைக்கணும், குச்சி மேல பூசின செம்பு உருகிச் சொட்டியிருக்கும், அதைத் தட்டி எடுக்கணும். நமக்கு இடைவேளையா இருந்தது அவருக்குப் படத்தைவிடப் பரபரப்பான நேரம்.

இதோட முடியலை. புரொஜெக்டர்ல ரெண்டாவதா ஒரு விளக்கு இருக்கு. யாரும் கவனிக்காத சின்ன பல்பு. எக்சைட்டர் லாம்ப்னு பேர். ஃபிலிம் ஓரத்துல ஒலி ஒரு கோடா பதிஞ்சிருக்கும். இந்தப் பல்போட வெளிச்சம் முடி அளவு பிளவு வழியா அந்தக் கோட்டு மேல விழணும். கோட்டோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் கூடும், குறையும். பின்னாடி இருக்கிற போட்டோசெல் அதை மின்சாரமா மாத்தும், ஆம்ப்ளிஃபையர் அதைப் பாட்டா மாத்தும். இந்தப் பல்பு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா சத்தம் குறையும், கரகரன்னு ஆகும். பிளவே இடம் மாறினா, ஒலிக்கோட்டை விட்டுட்டு ஃபிலிமோட பக்கவாட்டு ஓட்டைகளைப் படிக்க ஆரம்பிச்சுடும். ஸ்பீக்கர்ல 'ர்ர்ர்'ருனு ஒரு உறுமல் கேக்கும். அதாவது படம் மட்டும் இல்லைங்க, பாட்டும் ஒரு விளக்கு எங்க உட்காருதுங்கிறதைப் பொறுத்ததுதான். இளையராஜா ஊரைப் பத்திப் பேசுற எபிசோடுல இதைச் சொல்லாம விட மனசு வரலை.

தீயைப் பத்தியும் ரெண்டு வரி. 1950-களோட தொடக்கம் வரைக்கும் ஃபிலிம் நைட்ரேட்ல வந்துச்சு. பத்தினா அணைக்க முடியாது. 3,500 டிகிரி குழியோட வெளிச்சத்தை அந்த ஃபிலிம் மேல குவிக்கிறதுதான் வேலையே. ஃபிலிம் ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் தப்பிக்கும், நின்னா கருகும். தகர அறை, இரும்பு ஷட்டர், ஆபரேட்டருக்கு லைசன்ஸ், 1955-ஓட மதராஸ் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், எல்லாத்துக்கும் பின்னாடி இந்தப் பயம் இருக்கு.

செனான் விளக்கு 1950-கள்ல ஜெர்மனியில புரொஜெக்டருக்குள்ள வந்துச்சு. நம்ம பக்கத்துச் சின்ன தியேட்டர்களுக்கு வர்றதுக்குப் பல வருஷம் ஆச்சு. குவார்ட்ஸ் குமிழுக்குள்ள செனான் வாயுவை அழுத்தி அடைச்சிருப்பாங்க. உள்ள ரெண்டு டங்ஸ்டன் முனை, நடுவுல சில மில்லிமீட்டர். அதுவும் மின்வில்தான், ஆனா கரையாது. ஆயிரம் மணி நேரம், அதுக்கு மேலயும் எரியும். ஆபரேட்டர் அட்டையைப் பார்க்கிற வேலை ஒரே நாள்ல போச்சு. அவருக்கு மிச்சம் இருந்தது மூணு திருகு: மேல-கீழ, இடது-வலது, முன்-பின். புது விளக்கு மாட்டின அன்னிக்கு ஃபிலிம் இல்லாம வெறும் வெளிச்சத்தைத் திரையில விட்டு, மூணையும் ஒவ்வொண்ணாத் திருகி, நாலு மூலையும் ஒரே மாதிரி ஆகிற வரைக்கும் பார்ப்பாங்க. அப்புறம் மாசக்கணக்கா தொட வேண்டியதில்லை. ஆனா குமிழ் உள்ள அவ்வளவு அழுத்தம் இருக்கிறதால வெடிக்கும். முகத்துக்கு மூடி, கைக்குத் தடிச்ச உறை இல்லாம மாட்டக் கூடாது. விரல் பட்டா அந்த எண்ணெய்ப் பிசுக்கே குவார்ட்ஸைக் கெடுக்கும்.

இப்ப இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல சில பேர் வீட்டுல சொந்தமா புரொஜெக்டர் செஞ்சிருப்பீங்க. 2000-களோட நடுவுல இது உலகம் முழுக்க ஒரு பைத்தியமாவே இருந்துச்சு. பழைய 15 இஞ்ச் எல்சிடி மானிட்டரைப் பிரிச்சு பேனலை எடுக்கிறது, பின்னாடி 400 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கு, ரெண்டு ஃபிரெனல் லென்ஸ், முன்னாடி ஒரு பெரிய லென்ஸ், எல்லாத்தையும் பலகைப் பெட்டிக்குள்ள அடைக்கிறது. இப்போ விளக்குக்குப் பதிலா எல்இடி வைக்கிறாங்க. ஃபிரெனல் லென்ஸ் 1820-கள்ல கலங்கரை விளக்கத்துக்காகக் கண்டுபிடிச்சது. அதே நூற்றாண்டுல கார்பன் மின்வில்லும் கலங்கரை விளக்கத்துல எரிஞ்சிருக்கு. சுத்திச் சுத்தி ஒரே குடும்பம்தான்.

இந்தப் பெட்டியில வர்ற கோளாறும் அதே குடும்பம். நடுவுல மட்டும் பளிச், மூலையெல்லாம் இருட்டு. இல்லைன்னா ஒரு பக்கம் மட்டும் மங்கல். ஓரத்துல வானவில் மாதிரி நிறம். பெரும்பாலானவங்க செய்யறது, முன்னாடி இருக்கிற லென்ஸைப் போட்டு ஆட்டறது. வேண்டாம். ஆபரேட்டர் ஃபிலிமை எடுத்துட்டு வெறும் வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி, முதல்ல பேனலை எடுத்துடுங்க. வெறும் வெள்ளை வெளிச்சம் சுவர்ல சமமா விழுதா? விழலைன்னா கோளாறு விளக்குப் பக்கம். விழுதுன்னா கோளாறு பேனல் பக்கம். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை முன் லென்ஸுக்கு ஒட்டிப் பிடிங்க. விளக்கோட பிம்பம் அதுல ஒரு சின்னப் புள்ளியா, லென்ஸோட நட்டநடுவுல விழணும். பக்கத்துல விழுந்தா விளக்கைப் பக்கவாட்டுல நகர்த்தணும். புள்ளியா இல்லாம பரந்து கிடந்தா விளக்கு ஃபிரெனலுக்குக் கிட்டயோ எட்டயோ இருக்கு, முன்-பின் நகர்த்தணும். பின்னாடி வளைஞ்ச கண்ணாடி வச்சிருந்தீங்கன்னா ரெண்டு புள்ளி தெரியும்: விளக்கு ஒண்ணு, அதோட பிரதிபிம்பம் ஒண்ணு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரணும். ஒரு நேரத்துல ஒரு திசை மட்டும், கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு தடவையும் கையை வைக்கிறதுக்கு முன்னாடி கரண்ட்டைப் பிடுங்கிடுங்க. மெட்டல் ஹேலைடுன்னா அணைச்சு ஆற விடணும், அதைத் திறந்த கண்ணால பார்க்கக் கூடாது. நீங்க பிடிச்ச அந்தத் தாள் வேற எதுவும் இல்லை, லாம்ப் ஹவுஸ் பக்கத்துல கோடு போட்டு மாட்டின அட்டைதான்.

டூரிங் டாக்கீஸ் முடிஞ்ச கதை உங்களுக்குத் தெரியும், வேகமா சொல்லிடறேன். நிரந்தர தியேட்டர்கள் பெருகுச்சு, 1980-கள்ல டிவியும் விசிஆரும் வந்துச்சு, கூடாரம் ஒவ்வொண்ணாக் கழண்டுச்சு. 2000-கள்ல சென்னையில ரியல் இமேஜ் உருவாக்கின க்யூப் மாதிரி டிஜிட்டல் முறைகள் தியேட்டர்களுக்குள்ள வந்துச்சு. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள ரீலே போயிடுச்சு. முதல் டிஜிட்டல் புரொஜெக்டர்கள்ல செனான் விளக்கு இருந்ததால மூணு திருகும் இன்னும் கொஞ்ச நாள் பிழைச்சுக் கிடந்துச்சு. அப்புறம் லேசர் வந்துச்சு. லேசர் புரொஜெக்டர்ல ஆபரேட்டர் தொடறதுக்குன்னு விளக்கே இல்லை. பெட்டியை மூடிச் சீல் வச்சு அனுப்பிடறாங்க. 2018-ல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தப்போ, இதே மலையில ஏலக்காய் மூட்டை தூக்குறவங்களோட கதை இதே ஊர்க்காரங்களுக்கு டிஜிட்டல் கோப்பாத்தான் வந்து சேர்ந்துச்சு. ப்ளே பட்டனை அழுத்த ஒரு ஆள் போதும். சில இடத்துல அந்த ஆள் டிக்கெட்டும் கிழிக்கிறார், பார்க்கிங்கும் பார்க்கிறார்.

பழைய லாம்ப் ஹவுஸ்கள் பெரும்பாலும் எடைக்குப் போயிடுச்சு. இரும்பு ஒரு விலை, செம்பு ஒரு விலை. வளைஞ்ச கண்ணாடியைக் காயலான் கடையில யாரும் வாங்கறதில்லை, அதுக்கு எடைக்கு விலை கிடையாது. உங்க ஊர்ல மூடின தியேட்டரோட ஆபரேட்டர் ரூம்ல, புள்ளி புள்ளியாச் செம்பு தெறிச்ச கண்ணாடி ஒண்ணு சாத்தி வச்சிருந்தா, அனுமதி கேட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கோடு போட்ட அட்டை ஒட்டின லாம்ப் ஹவுஸ் கிடைச்சா இன்னும் சந்தோஷம்.

அடுத்த எபிசோடு படப்பெட்டியைப் பத்தி. மதுரையில இருந்து பஸ் மேல ஏறி, ஒரே பெட்டி ஒரே ராத்திரியில ரெண்டு கொட்டகைக்கு எப்படி ஓடுச்சுன்னு பார்ப்போம்.